காமிராவுக்கு ஒரு பை

காமிரா வாங்குவது சுலபம். அதற்கு ஒரு பை வாங்குவதுதான் கஷ்டம். இதைப் படித்ததும் நேயர்களில் சிலர், "யானை வாங்கினவன் அங்குசம் வாங்க மலைக்கலாமா?" என்று கேட்பார்கள். மலைப்புப் பணத்தைப் பற்றியது அல்ல. காமிரா வாங்கப் போகும்போது நமக்கு உதவி செய்ய உலகமே தயாராக நிற்கிறது. அது எவ்வளவு நுட்பமாகப் பார்க்கும், எவ்வளவு வேகமாகப் படம் பிடிக்கும், இருட்டில் அதற்கு எவ்வளவு தெரியும் என்றெல்லாம் அட்டவணை போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பை விஷயத்தில் எந்த அட்டவணையும் துணைக்கு வராது. பேருக்குத்தான் அது காமிராவின் பை. உண்மையில் நம் தோளுக்கும், நடைக்கும், நாம் ஏறும் வண்டிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நம்முடைய சோம்பலுக்கும் பொருத்தமாக அதை வாங்க வேண்டியிருக்கிறது. இந்த விவரங்கள் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? பல சமயங்களில் நமக்கே தெரிவதில்லை.

எனக்குப் பழக்கமான போட்டோப் பைத்தியங்களில் ஒரே ஒரு பை வைத்திருப்பவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. காமிரா ஒன்று இருக்கும். பை ஐந்து இருக்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று மலைக்கு, ஒன்று ஏன் வாங்கினோம் என்று மறந்துபோனது. அத்தனையும் பரணில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிப் பிரளய காலத்து உலகம் போல் உறங்கிக்கொண்டிருக்கும்.

என் மூட்டை எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டரியுடன் காமிரா 430 கிராம். அதில் மாட்டியிருக்கும் 23 மில்லிமீட்டர் லென்ஸ் 180 கிராம். முகங்களுக்காக வைத்திருக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 200 கிராம். மாற்றுப் பாட்டரிகள் இரண்டு, துடைக்கும் துணி, அட்டை வைக்கும் சிமிழ். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காய்கறிக் கடையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கி வருகிறவன் அதற்காகக் கட்டுரை எழுதுவதில்லை. ஆனால் கத்தரிக்காயைத் தினம் காலையில் வெளியே எடுத்துச் சென்று மாலையில் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது விதித்தால் அப்போது தெரியும்.

காமிராக்கள் இவ்வளவு சிறியவையாக ஆனதற்கு ஒரு ஜெர்மானியருடைய மூச்சிறைப்புக்கு நாம் நன்றி செலுத்த வேண்டும். வெட்ஸ்லார் நகரத்தில் லைட்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்துவந்த ஆஸ்கர் பர்னாக் என்பவர் ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகடு போடும் பெரிய காமிராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு குன்றுகளில் ஏறுவது அவரால் ஆகாத காரியமாயிருந்தது. சினிமாவுக்காகச் செய்த பிலிமை எடுத்து, 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர் அளவில் சின்னஞ்சிறு படம் பிடித்து, அதைப் பிற்பாடு பெரிதாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்று யோசனை செய்தார். 1914-ஆம் ஆண்டு வாக்கில் அதற்கேற்ற காமிராவைச் செய்தும் முடித்தார். 1925-ல் அது லைகா என்ற பெயருடன் கடைக்கு வந்தது.

அதற்குப் பிறகும் பெரிய காமிராவைச் சுமந்தவர்கள் இருந்தார்கள். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என்று புகழ் பெற்ற ஹோமாய் வியாரவாலா (1913–2012) புடவை கட்டிக்கொண்டு, காமிராச் சாமான்களுடன் டில்லித் தெருக்களில் சைக்கிளில் போய்ப் படம் பிடித்தவர். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் நம்முடைய கொடி ஏறிய காட்சியைப் படமாக்கியவர்களில் அவரும் ஒருவர். 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தார்கள். அந்த அம்மையாரை நினைத்துக்கொண்டால், ஒரு கிலோச் சுமைக்குப் பை தேடி அலைவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு அது தொழில். தொழிலுக்காக மனிதன் எதையும் சுமப்பான். ஆசைக்காகச் சுமப்பது முதல் வாரத்தோடு சரி. எட்டாம் நாள் காமிரா அலமாரிக்குள் போய்விடும். அப்புறம் தீபாவளிக்குத்தான் வெளியே வரும்.

என் காமிரா அப்படித் தீபாவளிக்குக் காத்திருக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு.

என் தாயார் திருவல்லிக்கேணியில் அறுபது வருஷம் குடித்தனம் நடத்தியவள். 2019-ல் நாங்கள் வேளச்சேரியில் ஓர் அடுக்கு மாடி வீட்டுக்குக் குடி வந்தோம். மின்தூக்கி உண்டு, தண்ணீர்க் கஷ்டம் இல்லை, காற்றும் வருகிறது. அவளுக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை என்பதே பெரிய குறையாகிவிட்டது. இதற்கிடையில் கண்ணும் மங்கிற்று. முதுமையில் வரும் மாகுலா சிதைவு என்று டாக்டர் சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போய், நேராகப் பார்த்த இடத்தில் ஒரு புகை மூட்டம் நிற்கும். ஓரங்கள் மட்டும் தெரியும். டெலிபோனில் காட்டும் படம் அவளுக்கு வெறும் வெளிச்சம். ஆனால் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினெட்டு அங்குலம் அச்சிட்ட படத்தை ஜன்னலோரம் வைத்துக்கொடுத்தால், கிளி மாதிரித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிடுவாள். இப்போது தெரிவது இன்னும் எத்தனை நாளைக்குத் தெரியும் என்பதற்கு டாக்டர் உறுதி ஒன்றும் சொல்லவில்லை. ஆகையால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தை எங்கள் வீட்டில் செல்லாக் காசாகிவிட்டது.

எனக்கு உத்தியோகம் இன்னும் திருவல்லிக்கேணியில்தான். தினந்தோறும் பறக்கும் ரயிலில் போய் வருகிறேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று உள்ளேயிருந்து கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைக் காட்டிலும் காகிதத்தால் சொல்வது மேல் என்று கண்டுகொண்டேன்.

"கையில்தான் டெலிபோன் இருக்கிறதே, அது போதாதா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பட்டப்பகலில் அது எடுத்த படத்தையும் காமிரா எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே பேதம் தெரிவதில்லை. ஆனால் அம்மா கேட்பது பட்டப்பகலை அல்ல. அவள் தெருவில் நடமாடியதெல்லாம் விளக்கு வைத்த பிறகு. பூக்காரி கூடையைத் திறக்கிற வேளை, கோயில் மணி அடிக்கிற வேளை. அந்த அரைவெளிச்சத்தில் நடமாடும் மனிதர்களை எடுத்து, அதைப் பதினெட்டு அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் டெலிபோன் படம் நனைந்த கோலம் போல் ஆகிவிடுகிறது. ஆகவே காமிரா தினமும் என்னோடு வர வேண்டும். தினமும் வருவதென்றால் அதற்கு ஒரு பை வேண்டும்.

என் மருமான் ஒருவன் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். "மாமா, நீங்கள் ஒன்றும் வாங்க வேண்டாம். என்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முதுகில் மாட்டும் பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். பிரமாதமான பை. மெத்தை வைத்து, தடுப்பு வைத்து, இடுப்புக்கு ஒரு கச்சை வைத்து, போருக்குப் போகிறவனுடைய கவசம் போல் இருந்தது. நிறுத்துப் பார்த்தேன், காலிப் பையே ஒன்றே முக்கால் கிலோ. பல்லக்கு, உள்ளே போகிறவரைவிடக் கனமாயிருந்தது! பாரம்கூடப் பெரிதல்ல. இந்த ஜாதிப் பையில் காமிரா முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உலகமோ முகத்துக்கு முன்னால் நடக்கிறது. ஒரு தோளைக் கழற்றி, மறு தோளைக் கழற்றி, கீழே வைக்க ஓர் உலர்ந்த இடம் தேடி, குனிந்து, திறந்து, எடுத்து நிமிர்வதற்குள் பூக்காரி பூவை விற்று முடித்து வீட்டுக்குப் போய்விடுவாள். காலை ஒன்பது மணி ரயிலில் அதை மாட்டிக்கொண்டு ஏறினால் பின்னால் நிற்பவர்கள் நம் குலம் கோத்திரம் முழுவதையும் விசாரிப்பார்கள். மலையேறுகிறவர்களுக்கும் தொழில் செய்கிறவர்களுக்கும் அது தகும். மருமானுக்கு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்ததாக, நம் நாட்டு எழுத்தாளர்களின் தேசியச் சின்னமாகிய ஜோல்னாப் பையைப் பற்றி யோசித்தேன். அதன் மேல் எனக்குப் பழைய பிரியம் உண்டு. அதற்குள் காமிரா இருக்கிறது என்று எந்தத் திருடனும் சந்தேகப்பட மாட்டான். கையெழுத்துப் பிரதி இருக்கும் என்று எண்ணி ஒதுங்கிப் போவான். காமிராவை மட்டும் பொதிந்து வைக்கும் மெத்தைப் பெட்டி ஒன்று தனியாக விற்கிறார்கள். அதை வாங்கி எந்தத் துணிப் பைக்குள் வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். காசும் கொஞ்சந்தான். காமிரா அவ்வப்போது மட்டும் வெளியே போகும் வீடுகளில் இதைவிட நல்ல உபாயம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். பெண்மணிகள் தங்கள் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜோல்னாப் பை ஆடும். நடக்கும்போது நம் காலோடு ஒரு தாளம் போடும். ரயில் படிக்கட்டில் ஏறும்போது கம்பியோடு வேறொரு தாளம் போடும். வாயும் திறந்தே இருக்கிறது. மழை, புழுதி, பக்கத்துப் பிரயாணியின் கை எல்லாவற்றுக்கும் அது பொதுச் சத்திரம்.

பைக்குள் பை வைக்கும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. இடம் இருக்கிறதே என்று சாப்பாட்டுப் பாத்திரத்தையும் அதே பைக்குள் வைக்கத் தோன்றும். தயிர் சாதம் அருமையான பண்டம். லென்ஸின் அண்டை வீட்டில் குடியிருக்க அதற்கு யோக்கியதை இல்லை. தண்ணீர்ப் புட்டியும் அப்படியே. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசாங்கத்தார் "மீண்டும் மஞ்சப்பை" என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள் அல்லவா? அதற்குப் பிறகு ஆபீசுக்கு மஞ்சப் பையில் சாப்பாடு கொண்டு போவது கௌரவக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. என் சாப்பாடு அதில் போகிறது. காமிரா தனிக்குடித்தனம்.

இப்படியாகக் கழித்துக்கொண்டு வந்ததில், மார்புக் குறுக்கே பூணூல் போல் மாட்டிக்கொள்ளும் சிறிய பை ஒன்றுதான் மிஞ்சிற்று. பின்னால் தள்ளினால் நடப்பதற்குச் சௌகரியம். முன்னால் இழுத்தால் காமிரா கைக்கு அடியில் வந்துவிடும். இதைத் தேடிக்கொண்டு அண்ணா சாலைப் பக்கத்தில் சில கடைகள் ஏறி இறங்கினேன்.

ஒரு கடையில், "எத்தனை லிட்டர் வேண்டும் சார்?" என்று கேட்டார்கள். பால்காரர் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைத்தேன். பைகளின் கொள்ளளவை லிட்டரில் சொல்லுவது வழக்கமாம். இந்த லிட்டர்க் கணக்கை நம்ப வேண்டாமென்று நேயர்களை வேண்டிக்கொள்கிறேன். ஐந்து லிட்டர் என்று எழுதிய இரண்டு பைகளை எனக்குக் காட்டினார்கள். ஒன்று தோசைக் கல் போல் தட்டையாக இருந்தது. லென்ஸ் மாட்டிய காமிராவின் கனம் எட்டு சென்டிமீட்டர். அந்தப் பையின் உள்கனம் ஆறு. ஐந்து லிட்டர் அல்ல, ஐம்பது லிட்டர் ஆனாலும் அதற்குள் காமிரா நுழையாது. பார்க்க வேண்டியது உள்ளளவைத்தான்: நீளம், உயரம், அதைவிட முக்கியமாகக் கனம். என் சாமான்களுக்கு உள்ளே 22 சென்டிமீட்டர் நீளமும் 15 உயரமும் 9½ கனமும் போதும் என்று வீட்டிலேயே அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பெருக்கிப் பார்த்தால் மூன்று லிட்டருக்குச் சற்று மேல். சீட்டைவிட உத்தமமான வழி காமிராவையே கொண்டுபோய்க் கடையில் ஒரு தடவை வைத்து எடுத்துப் பார்ப்பது. ஒரு கையால் திறக்க முடிகிறதா? மறு கை ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்குமே! இதைச் சோதிக்க நான் கடைத் தூணை ஒரு கையால் பற்றிக்கொண்டு நின்றபோது, கடைப் பையன் எனக்கு மயக்கம் வருகிறது என்று எண்ணி நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. பல பைகளின் மூடி வெல்க்ரோ என்னும் ஒட்டுப் பட்டையால் மூடுகிறது. ஸ்விட்சர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முள்விதைகளை உருப்பெருக்கியில் பார்த்து இந்த உபாயத்தைக் கண்டுபிடித்து 1955-ல் உரிமை பெற்றார். நம் ஊர் நாயுருவி வேட்டியில் செய்கிற வேலைதான். பைக்குள் தடுப்புகளை இடம் மாற்றி ஒட்டுவதற்கு இதைப் போல் ஒன்று கிடையாது. ஆனால் மூடிக்கு ஆகாது. அதைப் பிரிக்கும்போது வேட்டி கிழிகிற சப்தம் வருகிறது. மார்கழிக் கச்சேரியில் வித்துவான் ராக ஆலாபனையில் கீழ் ஸ்தாயியில் இறங்கி நிற்கும் சமயம் நீங்கள் மூடியைத் திறந்தால், சபையில் அத்தனை பேரும் திரும்பி உங்கள் வேட்டியைப் பார்ப்பார்கள். தூங்கும் குழந்தையைப் படம் எடுக்க ஆசைப்பட்டவர்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். நான் நல்ல ஜிப் போட்டதாகப் பார்த்தேன். அதன் இழுப்பானில் உலோகம் தொங்காமல் கயிறு தொங்க வேண்டும். உலோகம் உரசிக் கிணுகிணுக்கும், லென்ஸையும் கீறும்.

உள் துணியின் நிறத்தை யாரும் கவனிப்பதில்லை. காமிராச் சாமான்கள் எல்லாம் கறுப்பு. பையின் உள்ளும் கறுப்பாயிருந்தால், அந்தி வேளையில் லென்ஸ் மூடியைத் தேடுவது அமாவாசையன்று காக்கையைத் தேடுவதாகிவிடும். வெளியே எந்த நிறமும் இருக்கட்டும். உள்ளே சாம்பல் நிறமோ மஞ்சளோ இருக்க வேண்டும். வெளியேயும் "இதில் காமிரா இருக்கிறது" என்று பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் பொறித்திராமல் இருப்பது நலம்.

விலை உயர்ந்த கித்தான் பைகளையும் காட்டினார்கள். இவற்றுக்கு ஒரு ரசமான சரித்திரம் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் பிலடெல்பியா இன்குவைரர் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஜிம் டோம்கி என்பவர், விறைப்பான பெட்டிகளைச் சுமந்து சலித்துப்போய், மெத்தை அதிகமில்லாத கித்தானில் உடம்போடு ஒட்டிக் கிடக்கும்படி ஒரு பையைத் தாமே வகுத்தார். இங்கிலாந்தில் பில்லிங்காம் கம்பெனியார் மீன் பிடிக்கிறவர்களுக்குப் பை தைத்துக்கொண்டிருந்தவர்கள். காமிராக்காரர்கள் வந்து அந்த மீன் பைகளையே வாங்கிப் போவதைக் கண்டு, அவர்களுக்காகவும் தைக்க ஆரம்பித்தார்கள். பெட்டி நம் இடுப்பை இடிக்கும், தளர்ந்த பை இடுப்போடு வளையும் என்பதை மீன் பிடிக்கிறவர்கள் முன்னமே அறிந்திருந்தார்கள் போலும். யோசனை நல்லது, விலையைக் கேட்டபோது நான்தான் வளைந்துவிட்டேன். தவிரவும் பருத்திக் கித்தான் நம் கடற்கரைக் காற்றுக்கு அவ்வளவு பொருந்துவதில்லை. நனைந்தால் கனக்கும், சரியாக உலராவிட்டால் பூஞ்சணம் பூக்கும்.

நைலான் பைகளுக்கும் ஒரு சாபம் உண்டு. அவற்றின் உட்புறத்தில் தண்ணீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் என்ற பூச்சுக் கொடுத்திருப்பார்கள். சில வகைப் பூச்சுகளைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. நாலைந்து வருஷம் அலமாரியில் கிடந்த பையைத் திறந்தால் உள்ளே பிசுபிசுவென்று வெல்லப் பாகு தடவினாற்போல் ஒட்டும். ஒரு வாடை வீசும். அப்புறம் பொருக்குப் பொருக்காக உதிரும். இதைப் பார்த்துப் பல பேர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வைகிறார்கள். குற்றம் சென்னையின் ஈரக் காற்றுடையது. பையைப் பரணில் பூட்டி வைப்பதுதான் அதற்கு எமன். தினமும் வெயிலும் காற்றும் பட்டு உலாவும் பை அதிக நாள் உழைக்கிறது.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. பை, காமிரா பிரயாணம் செய்கிற இடமே தவிர அது குடியிருக்கிற வீடு அல்ல. மெத்தையும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் போய், இருட்டும் சேர்ந்தால், லென்ஸின் கண்ணாடியில் சிலந்தி நூல் போல் பூஞ்சணம் படரும். அது முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஈரத்துக்குக் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வந்ததும் காமிராவை வெளியே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில், நீல நிறச் சிலிக்கா மணிகளோடு போட்டுவிட வேண்டும். மணிகள் ஈரத்தைக் குடித்து ரோஸ் நிறமானால் இளஞ்சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். பை பாட்டுக்கு வாசல் பக்கத்து ஆணியில் வாயைத் திறந்துகொண்டு தொங்கட்டும். மழைக்காகத் தனி உறை வாங்கவில்லை. ஓட்டை விழுந்த பழைய மழைக்கோட்டின் முதுகிலிருந்து ஒரு சதுரம் வெட்டிப் பையின் வெளிப் பாக்கெட்டில் மடித்து வைத்திருக்கிறேன்.

கடைசியில் 380 கிராம் எடையுள்ள சாம்பல் நிறப் பை ஒன்றை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். வார் 38 மில்லிமீட்டர் அகலம். இதற்குக் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் தோளை அறுக்கும். வாரைச் சட்டென்று இறுக்கவும் தளர்த்தவும் ஒரு கொக்கி இருக்கிறது. இந்தக் கொக்கிதான் ஐம்பது ரூபாய்ப் பைக்கும் நல்ல பைக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லுவேன். நடக்கும்போது இறுக்கிக்கொள்கிறோம், எடுக்கும்போது தளர்த்திக்கொள்கிறோம்.

பை சிறியதாயிருப்பதில் எனக்கு எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. இடம் இருந்தால் நிரப்புவது மனித சுபாவம். தூரத்துப் பறவைக்கு ஒரு நீள லென்ஸ், பூச்சிக்கு ஒரு கிட்ட லென்ஸ், இருட்டுக்கு ஒரு விளக்கு என்று சேர்ந்துகொண்டே போகும். இதில் இடமில்லை. ஆகவே காலையில் வாசற்படியிலேயே தீர்மானம் செய்துவிட வேண்டியிருக்கிறது: இன்றைக்குத் தெருவா, முகமா? பெரும்பாலான நாட்களில் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் அம்மாவின் கண் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு வருகிறேன்.

மாசி மாதத்தில் பார்த்தசாரதி சுவாமி கோயில் தெப்போற்சவம் வந்தது. அம்மா அறுபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தெப்பத்தைத் தவற விட்டதில்லையாம். வேளச்சேரிக்கு வந்த பிறகுதான் இல்லை. கூட்டத்தில் அவளை அழைத்துப் போவது முடியாத காரியம். ஆபீசிலிருந்து நேரே குளக்கரைக்குப் போனேன். திருவல்லிக்கேணிக் கூட்டம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; கையைத் தூக்கினால் கீழே இறக்க இடமிராது. பையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு, ஜிப்பின் வாய் என் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஓர் அடி ஓர் அடியாக நகர்ந்தேன். முதுகில் மூட்டையோடு வந்த இளைஞர் ஒருவரைத் தொண்டர்கள் தடுத்து ஓரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தவர்கள் மூக்குக் கண்ணாடிக் கூடு மாட்டியிருக்கிற மனிதர் என்று எண்ணியிருக்க வேண்டும். ஒரு கைப்பிடிச் சுவரோரம் முழங்கையை ஊன்ற இடம் கிடைத்தது. தெப்பம் விளக்குகளோடு திரும்பி வந்தபோது, வாரைத் தளர்த்தி, ஒரு கையால் காமிராவை எடுத்தேன். லென்ஸை முழுக்கத் திறந்து எஃப் 2-ல் வைத்து, அறுபதில் ஒரு பங்கு விநாடியில், ஐ.எஸ்.ஓ. 3200-ல் பதினோரு படம். பிறகு கூட்டம் என்னை நகர்த்திவிட்டது.

இரண்டு நாள் கழித்து அச்சாகி வந்த படத்தை அம்மா மடியில் வைத்தேன். ஜன்னலைப் பெரிதாகத் திறக்கச் சொன்னாள். தலையைச் சாய்த்து வெகு நேரம் பார்த்தாள்.

"தெப்பம் தெரிகிறதா, அம்மா?"

"தெப்பத்துக்கு என்ன, அது தெரியாமலா? தண்ணீரில் விளக்குகூடத் தெரிகிறது. இதென்னடா, படிக்கட்டெல்லாம் சின்னச் சின்னதாக வெளிச்சம்? கரையிலும் அகல் ஏற்றினார்களா? என் காலத்தில் அப்படி வழக்கம் இல்லையே!"

நான் குனிந்து பார்த்தேன். எதிர்க்கரைப் படிகளில் நிற்பவர்கள் அத்தனை பேரும் டெலிபோனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான சின்னத் திரைகள். "ஆமாம்" என்று சொல்லிவிட நாக்கு நுனி வரையில் வந்தது.

"அகல் இல்லை, அம்மா. எல்லாரும் டெலிபோனில் படம் எடுக்கிறார்கள்."

அம்மா மறுபடியும் தலையைச் சாய்த்தாள். விரலால் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"அதுவும் நன்றாய்த்தான் இருக்கிறது" என்றாள். பிறகு, "சிங்கராச்சாரி தெரு முனையில் ஒரு வேப்ப மரம் இருந்ததே, அதை வெட்டிவிட்டார்களா, இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் எடுத்தேன். மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. அதன் சக்கரமும் படத்தில் விழும்படி பார்த்துக்கொண்டேன். படம் வெள்ளிக்கிழமை அச்சாகி வரும்.